தூங்குகிற காரை எழுப்பாதேங்கோ

நவம்பர் பிறந்து, பனிக்கு உப்புத் தூவுகிற லொறிகள் தெருவில் இறங்க முதலே கடிதங்கள் இறங்கிவிட்டன. பாதிக்கு மேல் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களின் கேள்விகள். ரொறன்ரோ ஸ்காபரோவில் என்ர கராஜுக்கு வருகிறவர்களும் இந்த மாதம் முழுக்க, குளிர் முடியும்வரை காரை எப்படி நிற்பாட்டி வைப்பது என்றுதான் கேட்கிறார்கள். ஆகவே இம்முறை வேறு கதை இல்லை.

1994 மஸ்டா மியாட்டா (துணிக்கூரை மடிகிற சின்ன ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றைக் கோடையில் வாங்கினேன். குளிருக்கு வீட்டுக் கராஜில் விடப்போகிறேன். கிழமைக்கு ஒருக்கா பத்து நிமிஷம் ஸ்ரார்ட் பண்ணாவிட்டால் எஞ்சின் இறுகிப் போகும் என்று அப்பா சொல்கிறார். தானே செய்கிறேன் என்று சாவியும் கேட்கிறார். கொடுக்கலாமா?
மார்க்கம் வாசகர்

சாவியை ஒளித்து வையுங்கோ தம்பி. அப்பாவோடு சண்டை மட்டும் வேண்டாம், ஏனென்றால் அவர் சொல்வது யாழ்ப்பாணத்துக்குச் சரி. எங்கட ஐயாவிடம் ஒரு ஒஸ்ரின் ஏ40 கார் நின்றது. தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலம், கார்பரேட்டருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவோம். கிழமைக்கு ஒருக்கா எழுப்பிக் கோப்பாய்ச் சந்தி மட்டும் போய்வந்தால் அது சந்தோஷமாய் நிற்கும். எஞ்சின் நல்லாய்ச் சூடேறி, புகைக்குழாய் காய்ந்து, அதற்குப் பிறகுதானே நிற்பாட்டுவோம்.

இங்கே -15 பாகையில், நின்ற இடத்திலேயே பத்து நிமிஷம் ஓடினால் ஒன்றும் காயாது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாய் வெளியே வரவேணும். குளிர்ந்த சைலென்சருக்குள் அது அப்படியே தண்ணீராய்த் தேங்கும். மார்ச் மாதம் சைலென்சர் உள்ளே இருந்து உக்கும், நீங்கள் வெளியே நின்று பொலிஷ் போட்டுக்கொண்டிருப்பீர்கள். குளிரில் எஞ்சின் பெற்றோலைக் கூடக் குடிக்கும், எரியாத பெற்றோல் ஒயிலுக்குள் வடியும். ஸ்ரார்ட் பண்ணப் பற்றரியில் இருந்து எடுத்ததை அந்தப் பத்து நிமிஷம் திருப்பிக் கொடுக்காது. எல்லாவற்றையும் விட, வீட்டோடு ஒட்டின கராஜில் காபன் மொனொக்சைட்டு. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கதவைத் திறந்துவிட்டால் போதும் என்று நினைக்கவேண்டாம். அப்பாவுக்கு இந்த ஒன்றைச் சொன்னாலே சாவி கேட்பதை விட்டுவிடுவார்.

ஒருக்கா ஒழுங்காய்ப் படுக்க வைத்துவிட்டு ஏப்ரல் வரை தொடாதேங்கோ. ஒயிலை இப்போது மாற்றுங்கோ, வசந்தத்தில் அல்ல. ஓடின ஒயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும், ஐந்து மாதம் பெயரிங்குகளை அதில் ஊறவிடக் கூடாது. எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ற், தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலவையாய் இருந்தால் -37 பாகை வரை தாங்கும். முந்தின சொந்தக்காரர் தண்ணீர் மட்டும் ஊற்றி ஓடியிருக்கலாம், சோதித்துப் பார்ப்பது நல்லது. பெற்றோல் நிலையத்தில் முதலில் ஸ்ரபிலைசரை (பெற்றோல் பழுதாகாமல் காக்கிற மருந்து) ஊற்றி, பிறகு ராங்கை நிரப்பி, அங்கிருந்து பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடி வீட்டுக்கு வாருங்கோ. மருந்து ராங்கில் இருந்தால் காணாது, இன்ஜெக்ரர் வரை போய்ச் சேரவேணும். மியாட்டா ரயருக்குக் காற்று வழமையாய் 26 பிஎஸ்ஐ. நிற்கிற காலத்துக்கு 35 வையுங்கோ. குளிர் ஏற ஏற அது தானாய் இறங்கும், ஐந்தாறு பாகைக்கு ஒரு பிஎஸ்ஐ கணக்கு.

மியாட்டாவில் நான் முதலில் பார்க்கிற இடம் வேறு. கூரையில் வழிகிற மழைத்தண்ணீர், சீற்றுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இருக்கிற ஓட்டைகளால் இறங்கி, பின் சில்லுக்குச் சற்று முன்னால் அடியில் சொட்டவேணும். இலை, தூசு, மேப்பிள் விதை எல்லாம் அதற்குள் அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள பெட்டிக்குள் போய் நின்று உள்ளிருந்து கறள் பிடிக்கும். வெளியே பெயின்ற் கொப்பளிக்கும்போது காலம் கடந்துவிடும். ஒரு கோப்பை தண்ணீரை மெதுவாய் ஊற்றிவிட்டுக் குனிந்து பாருங்கோ. சொட்டாவிட்டால், புல் வெட்டுகிற மெஷினின் நைலோன் நூலை விட்டு ஆட்டி எடுங்கோ. கம்பி விடாதேங்கோ, உள்ளே இருக்கிற குழாய் கிழியும்.

கூரையை மூடிய நிலையில் விடவேணும். பின்கண்ணாடி பிளாஸ்ரிக்தானே? குளிரில் மடித்தால் அப்பளம்தான். மேலே துணிக் கவர், தார்ப்பாய் வேண்டாம், உள்ளே வியர்க்கும். பக்கத்தில் உங்கட குடும்ப வான் நிற்குமென்றால், அது கொண்டுவருகிற உப்புச் சேறு உருகித் தரையில் ஓடும், அதை வாரத்தில் இரண்டு தரம் தள்ளிவிடுங்கோ. கராஜுக்குக் ஹீற்றர் போடுவதும் உபகாரம் இல்லை, உப்பும் ஈரமும் சூட்டில்தான் வேகமாய் அரிக்கும்.

கைப்பிரேக்? போடக்கூடாது. கியரில் விட்டுச் சில்லுக்குக் கட்டை வையுங்கோ. பழக்கதோஷத்தில் ஒரு வருடம் என்ர ரொயோற்றா எம்ஆர்2 காரைக் கைப்பிரேக்கோடு விட்டேன். ஏப்ரலில் கிளச்சை விடப் பின்பக்கம் குந்தினது, சில்லு அசையவில்லை. பிரேக் பாட் டிஸ்கோடு ஒட்டிப்போச்சு. இரண்டு மணித்தியாலம் அடியில் கிடந்து ரப்பர் சுத்தியலால் தட்டினேன். மெக்கானிக் என்று போர்ட்டும் போட்டுக்கொண்டு.

போன மார்ச்சில் என்ர 2006 போர்ஷே பொக்ஸ்ரரின் பற்றரி இறந்துவிட்டது. பற்றரி முன் மூடிக்குக் கீழே. மூடி திறக்கக் கரண்ட் வேணும். கட்டி இழுக்கிற லொறி கூப்பிட்டேன். வேறு வழி இருந்ததா?
ஏஜக்ஸ் வாசகர்

இருந்தது. அண்ணை, சாவியால் கதவைத் திறந்து, டிரைவரின் இடது காலடியில் பியூஸ் பெட்டி மூடியைக் கழற்றுங்கோ. அதற்குள் வெளியே இழுக்கக் கூடிய ஒரு பொசிற்றிவ் முனை இருக்கிறது. வேறொரு பற்றரியின் சிவப்பு வயரை அதில் கொளுவி, கறுப்பைக் கதவு கொளுவுகிற இரும்பு வளையத்தில் பிடியுங்கோ. அலாரம் கத்தும், பயப்படவேண்டாம், ரிமோற்றை அமத்த நிற்கும். பிறகு மூடி திறக்கும். அந்த முனையில் வைத்து எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணப் பார்க்கவேண்டாம், அது மூடியைத் திறக்க மட்டும்தான்.

இந்த வருடம் ஒரு பற்றரி மெயின்ரெய்னர் வாங்கிக் கொளுவுங்கோ. பழைய சார்ஜர் விடாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும்; இது நிரம்பினால் தானே அடங்கும். நிரம்பின பற்றரி 12.6 வோல்ற் காட்டும், எங்கட குளிருக்கு உறையாது. இறங்கின பற்றரி -10க்கே உறையும். உறைந்து வயிறு வீங்கினதுக்கு ஒருநாளும் சார்ஜ் ஏற்றாதேங்கோ.

என்னிடம் கொரோலாதான் இருக்கிறது. இதெல்லாம் நானும் செய்யவேணுமா?
பிரம்ரன் வாசகி

இல்லைத் தங்கச்சி. வின்ரர் ரயர் போட்டுவிட்டு ஓடுங்கோ.

எலிக்கு அந்துருண்டை போடலாமா?
பிக்கரிங் வாசகர்

போடலாம், பிறகு மூன்று வருடம் பாட்டியின் ரங்குப் பெட்டிக்குள் இருந்து கார் ஓட்டுகிற மாதிரி இருக்கும். புகைக்குழாய் வாயிலும் காற்று உள்ளே போகிற வாயிலும் இரும்புப் பஞ்சு அடையுங்கோ. சில்லுகளுக்குப் பக்கத்தில் பொறி வையுங்கோ, வேர்க்கடலை வெண்ணெய்க்கு நல்லாய் விழும். பஞ்சு வைத்த இடங்களை ஒரு துண்டில் எழுதி ஸ்ரேறிங்கில் ஒட்டாவிட்டால் ஏப்ரலில் மறப்பீர்கள்.

இன்னொன்று. எங்கட ஆட்கள் 40 இறாத்தல் அரிசி மூட்டையைக் கராஜில்தான் வைக்கிறோம். ஒரு வாடிக்கையாளரின் கார் இழுவை இல்லை என்று வந்தது. எயார் ஃபில்ரர் பெட்டியைத் திறந்தேன், உள்ளே ஒரு சுண்டு சம்பா. ஃபில்ரரைக் கிழித்துப் பஞ்சு மெத்தையும் போட்டிருந்தது எலி. மூட்டையை வீட்டுக்குள் எடுங்கோ.

ஓடாத காருக்கு ஏன் முழு இன்சூரன்ஸ் கட்டவேணும்?
ஸ்காபரோ வாசகர்

கட்டத் தேவையில்லை. உங்கட புரோக்கரிடம் சொன்னால், தெருவில் ஓடுவதற்கான பகுதியை நிறுத்திவைத்துக் களவு, நெருப்புக்கு மட்டும் விடுவார்கள். கடனில் எடுத்த காரென்றால் முதலில் கடன் தந்தவர்களைக் கேளுங்கோ. நிறுத்தின பிறகு, ஒரு நல்ல வெயில் நாளில் ‘இந்தப் புளொக்கை மட்டும் சுற்றிவிட்டு வாறேன்’ என்று இறக்காதேங்கோ.

எப்போது வெளியே எடுக்கலாம்?
பலர்

மார்ச்சில் ஒருநாள் 14 பாகை வரும். எல்லாரும் ஏமாறுவது அன்றைக்குத்தான். தெருவோரத்து உப்பு வெள்ளையாய்க் காய்ந்து கிடக்கும், சில்லு அதை அப்படியே அடிப்பாகத்துக்கு எறியும். இரண்டு நல்ல மழை பெய்து கழுவட்டும். கோடை ரயரும் 7 பாகைக்குக் கீழே இறுகித்தான் இருக்கும், பிடிக்காது.

எடுக்கிற அன்று இரும்புப் பஞ்சைக் கழற்றி, ரயரை 26க்கு இறக்கி, ஒயில் பார்த்து, பிரேக்கை இரண்டு மூன்று தரம் மிதியுங்கோ. மிதி கீழே போகாமல் நின்றால் ஸ்ரார்ட் பண்ணலாம். முதல் நூறு மீற்றர் ‘கர்’ என்று சத்தம் வரும். டிஸ்கில் படிந்த கறள்தான், நாலு பிரேக்கில் போய்விடும். போகாவிட்டால் என்னிடம் கொண்டுவாருங்கோ, ரப்பர் சுத்தியல் இன்னும் இருக்கிறது.