கருவாட்டுக் கடைக்கு வெப்சைட்: பாக்கித் தொகையைக் கொடுப்பதற்கு முன்

கேள்வி: பாம்பனில் கருவாடு வியாபாரம். மாசி மாதம் 28,000 ரூபாய்க்கு வெப்சைட் போட்டோம். நான்கு மாதமாகியும் கடைப் பெயரைத் தட்டினால்கூட கூகுளில் வரவில்லை. செய்து கொடுத்தவர், "மாதம் 6,000 ரூபாய் எஸ்.இ.ஓ. (கூகுள் தேடலில் தளத்தை முன்னுக்குக் கொண்டுவரும் வேலை) பேக்கேஜ் எடுத்தால்தான் வரும்" என்கிறார். எடுக்கலாமா?

பதில்: இப்போது எடுக்காதீர்கள். கடைப் பெயரைத் தட்டியே வரவில்லை என்றால், தளம் போட்டியில் பின்தங்கவில்லை. பெரும்பாலும் கூகுளின் பட்டியலிலேயே ஏறவில்லை. அதைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். கூகுளில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைப் போடுங்கள். ஒரு பக்கமும் வரவில்லையா? முதலில் இரண்டு இடங்களைப் பாருங்கள்.

வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டிய தளமென்றால் 'செட்டிங்ஸ்', அதற்குள் 'ரீடிங்'. அங்கே, தேடுபொறிகள் வர வேண்டாம் என்று சொல்லும் ஒரு கட்டம் உண்டு. தளம் கட்டி முடியும்வரை அதில் டிக் போட்டு வைப்பார்கள். திறக்கும் நாளில் எடுக்க மறந்துவிடுவார்கள். அடுத்தது, தள முகவரிக்குப் பின் சாய்கோடு போட்டு 'ரோபாட்ஸ் டாட் டிஎக்ஸ்டி' என்று ஆங்கிலத்தில் தட்டினால் திறக்கும் கோப்பு. அதில் 'டிஸ்அலவ்' என்பதற்கு எதிரே வெறும் சாய்கோடு மட்டும் நின்றால், முழுத் தளத்துக்கும் பூட்டு. இரண்டையும் சரிசெய்வது கட்டணம் கேட்கிற வேலையே இல்லை. சரிசெய்த பிறகு கூகுள் சர்ச் கன்சோலில் (தள உரிமையாளருக்கான கூகுளின் கருவி) தளத்தைச் சேர்த்து, சைட்மேப் (தளத்தின் பக்கங்களுடைய பட்டியல்) கொடுத்து, முகப்புப் பக்கத்துக்கு 'ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங்' அழுத்துங்கள். அதுவும் இலவசம்தான். சில நாள் முதல் சில வாரத்துக்குள் ஏறும்.

இன்னொன்று, நம் பக்கத் தளங்களில் அடிக்கடி மாட்டுவது: எழுத்துரு. நோட்டீஸ் அடித்த அச்சகத்தில் வாங்கிய வாசகத்தை அப்படியே தளத்தில் ஒட்டிவிடுகிறார்கள். அது பாமினி என்ற பழைய வகை எழுத்துரு என்றால், 'கருவாடு' என்று திரையில் தெரிவது உள்ளே எஃப், யூ, டி, எச், எல் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள். நமக்குக் கருவாடு, கூகுளுக்கு அர்த்தமில்லாத கிறுக்கல். தளத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் யூனிகோடு (எந்தக் கருவியும் தமிழாகவே படிக்கும் எழுத்து முறை), கவலையில்லை. ஆங்கிலக் குப்பையாக வந்தால் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

விலைப்பட்டியலைப் படமாகப் போட்டிருந்தாலும் இதே கதைதான். 'தலை கிள்ளிய நெத்திலி, கால் கிலோ, மணல் படாமல் வலைமேல் காயவைத்தது' என்று எழுத்தாகவே இருக்க வேண்டும். போனில் வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளைத்தான் (மணல் இருக்குமா, உப்புத் தூக்கலா, பார்சலில் வாடை அடிக்குமா) கூகுளிலும் கேட்கிறார்கள். பதிலை அந்தந்த மீனின் பக்கத்திலேயே எழுதுங்கள். பக்கத் தலைப்பும் எல்லாவற்றுக்கும் 'ஹோம்' என்றில்லாமல் மீன் பெயரோடு தனித்தனியாக இருக்கட்டும். போனில் எடுத்த 5 எம்.பி. படங்களை 1,200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி என்ற பட வடிவில் 200 கே.பி.க்குள் வையுங்கள். கூகுள் உங்கள் தளத்தின் மொபைல் வடிவத்தைத்தான் படிக்கிறது. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிந்தால் நல்லது என்பது அதன் கணக்கு.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் சீலா, வாளை சரக்கு இல்லாததால் அந்தப் பக்கங்களை நீக்கிவிட்டோம். ஆனியில் திரும்பச் சேர்த்தும் முன்போல் ஆர்டர் வரவில்லை. ஏன்? (மண்டபம்)

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அத்தனை நாள் 'பக்கம் இல்லை' என்று பதில் வந்தால் கூகுள் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். திரும்பச் சேர்த்தபோது புது முகவரி விழுந்திருந்தால், பழைய பக்கம் சேர்த்த பெயரெல்லாம் போச்சு. பழைய முகவரி சர்ச் கன்சோலிலோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய லிங்க்கிலோ இருக்கும். அதிலிருந்து புதியதற்கு 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் தானாகத் திருப்பிவிடும் ஏற்பாடு) போடச் சொல்லுங்கள். அடுத்த தடைக்காலத்தில் பக்கத்தைத் தொடாமல் 'சரக்கு இல்லை, ஜூன் கடைசியில் வரும்' என்று மட்டும் மாற்றினால் போதும். நாட்டுப்படகு மீன் கிடைத்தால் அதையும் அங்கேயே எழுதலாம்.

கேள்வி: ராமேஸ்வரத்தில் நான்கு அறை தங்கும் விடுதி. "முதலிடம் கேரண்டி, 500 பேக்லிங்க், 40 ஊர்களுக்குத் தனிப் பக்கம், மெட்டா கீவேர்ட்ஸ்" என்று 15,000 ரூபாய் கேட்கிறார்கள்.

பதில்: நான்கில் ஒன்றுகூட வாங்கத் தக்கதல்ல. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் பேக்லிங்க்குகளும் (பிற தளங்களில் நம் தளத்துக்குப் போடும் இணைப்புகள்), ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிய 40 பக்கங்களும் அதன் ஸ்பேம் விதிகளுக்கு எதிரானவை, தளமே இறங்கிவிடலாம். மெட்டா கீவேர்ட்ஸை (பக்கத்துக்குள் மறைவாக எழுதும் தேடுசொற்கள்) வரிசைப்படுத்தக் கணக்கில் எடுப்பதில்லை என்று 2009லேயே கூகுள் அறிவித்துவிட்டது.

உங்களுக்கு முதல் வேலை கூகுள் பிசினஸ் புரொஃபைல் (கூகுள் தேடலிலும் மேப்பிலும் தெரியும் உங்கள் விடுதியின் விவரப் பக்கம்). அதற்குக் கட்டணம் இல்லை. பெயர்ப்பலகையில் உள்ள பெயரை மட்டும் போடுங்கள். 'ராமேஸ்வரம் பெஸ்ட் சீப் ரூம்' என்று ஒட்டவைத்தால் கணக்கை முடக்கக்கூடும். ஆடி அமாவாசைக்கென்று பக்கம் வைத்தால் முகவரியில் ஆண்டைச் சேர்க்காமல், அதே பக்கத்தை ஆண்டுதோறும் புதுப்பியுங்கள், அதுவும் இரண்டு மாதம் முன்பே.

கேள்வி: தளம் செய்தவர் போனை எடுப்பதில்லை. டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) அவர் பெயரில் இருக்கிறதாம். (கீழக்கரை)

பதில்: இது சிக்கல்தான். பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, கொடுத்த விளம்பர வாசகம் எல்லாவற்றையும் சேர்த்து எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்புங்கள்; தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். நுகர்வோர் ஆணையம்வரை போனால், வணிகத்துக்கு வாங்கிய சேவை என்று எதிர்த்தரப்பு வாதாடக்கூடும் என்பதால் வழக்கறிஞரைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

புதிதாகத் தளம் போடுகிறவர்கள் டொமைனைத் தாங்களே வாங்கி, செய்கிறவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால், டொமைன் கணக்கில் லாகின் செய்து, மெயிலும் ஓ.டி.பி. போகும் செல் எண்ணும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். பாக்கித் தொகை அதற்குப் பிறகு.