குறிப்பெடுக்கப் பழக்கும் அட்டை விளையாட்டு: கேள்விகளும் பதில்களும்

மண்டபம் பகுதியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் அறிவியலும் சமூக அறிவியலும் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குக் குறிப்பெடுக்கப் பழக்குவதற்காக நான் கையாண்ட அட்டை விளையாட்டைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியபோது விதிகளை முழுமையாகச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதன்பின் வந்த கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (ஏழாம் வகுப்பு ஆசிரியை, உச்சிப்புளி): ஐயா, விளையாட்டின் விதிகளை முதலிலிருந்து சொல்ல முடியுமா? எத்தனை அட்டைகள் வேண்டும்?

நான்கு பேர் கொண்ட ஒரு குழுவுக்கு 44 அட்டைகள் வேண்டும். ‘சொல்’, ‘கேள்வி’, ‘எண்’, ‘படம்’, ‘காரணம்’ என்று ஐந்து வகை, வகைக்கு எட்டு. மீதி நான்கும் ‘அலை’ அட்டைகள். முதலில் அலை அட்டைகளை எடுத்து வைத்துவிட்டு, மற்றவற்றைக் கலைத்து ஆளுக்கு ஐந்து கொடுக்க வேண்டும். மிஞ்சிய இருபதோடு அலை அட்டைகளைக் கலந்து நடுவில் கவிழ்த்து வையுங்கள்.

ஆசிரியர் ஒரு பாடப் பகுதியை ஐந்து துண்டுகளாகப் பிரித்து வாசிப்பார். ஒவ்வொரு துண்டு முடிந்ததும் ஏறக்குறைய ஒரு நிமிடம் அமைதி. அதற்குள் ஒவ்வொருவரும் கையிலுள்ள அட்டைகளில் எது இந்தத் துண்டுக்குப் பொருந்தும் என்று முடிவுசெய்து, அதன்படி ஒரு குறிப்பை நோட்டில் எழுதி, அந்த அட்டையைக் கீழே வைக்க வேண்டும். ‘கேள்வி’ அட்டை என்றால், கேட்ட செய்தி எந்தக் கேள்விக்கு விடையாகுமோ அந்தக் கேள்வியையும் விடையையும் எழுத வேண்டும். ‘காரணம்’ என்றால் எதனால் எது நிகழ்ந்தது என்பதை அம்புக்குறியால் இணைக்க வேண்டும். ‘படம்’ என்றால் கோட்டுச் சித்திரமும் அதிகபட்சம் இரண்டு சொற்களும். எந்தக் குறிப்பும் ஏழு சொற்களைத் தாண்டக் கூடாது. எழுதியபின் நடுக்கட்டிலிருந்து ஓர் அட்டை எடுக்க வேண்டும். அது அலையாக இருந்தால், தான் அதுவரை எழுதியவற்றில் இரண்டு சொற்களை அடித்துவிட்டு, வேறு அட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த இரண்டை இழந்தாலும் பொருள் கெடாது என்று பிள்ளை யோசிக்கும் அந்தச் சில நொடிகளுக்காகத்தான் நான் இந்த விளையாட்டையே வைத்திருக்கிறேன்.

ஐந்து துண்டுகளும் முடிந்தபின் நோட்டுகள் இடப்பக்கத்தாருக்கு மாறும். ஆசிரியர் ஐந்து வினாக்கள் கேட்பார். நினைவிலிருந்து சொல்லக் கூடாது, கையிலுள்ள நோட்டில் இருப்பதை விரலால் தொட்டுக் காட்டிச் சொல்ல வேண்டும். சரியான விடைக்கு வாசித்தவருக்கு ஒரு புள்ளி, எழுதியவருக்கு ஒரு புள்ளி. நோட்டை மாற்றாமல் விளையாடினால் பயனில் பாதி போய்விடும், ஏனென்றால் தான் எழுதியதை நினைவின் துணையோடு நிரப்பிக்கொள்வது எவருக்கும் எளிது.

கேள்வி (அதே ஆசிரியை): ஓர் உதாரணத்துடன் விளக்கினால் உதவியாக இருக்கும்.

நான் பெரும்பாலும் பாம்பன் பாலத்தில் தொடங்குவேன், ஏனென்றால் எல்லாப் பிள்ளைகளும் அதைக் கண்ணால் பார்த்தவர்கள். முதல் துண்டு: தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் ரயில் பாலம் 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. இரண்டாவது: கப்பல் செல்வதற்காக அதன் நடுப்பகுதி இரண்டு இறக்கைகளாகப் பிரிந்து மேலே எழும்படி இருந்தது. மூன்றாவது: 1964 டிசம்பர் புயலில் பாலம் சேதமடைந்தது, பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் சீரமைக்கப்பட்டது. நான்காவது: பழைய பாலத்தின் அருகிலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. ஐந்தாவது: புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி பிரியாமல், அப்படியே செங்குத்தாக மேலேறுகிறது.

ஒரு மாணவன் மூன்றாவது துண்டுக்கு ‘எண்’ அட்டையை இறக்கி, “46, 1964” என்று மட்டும் எழுதியிருந்தான். நோட்டு கைமாறியதும் அடுத்தவன், பாலத்தில் 46 தூண்கள் என்று விடை சொன்னான். வகுப்பே சிரித்தது, எழுதியவன் சிரிக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் அவன் எழுதிய எண்களுக்கெல்லாம் நாள், மீட்டர், ஆண்டு என்று அலகு இருந்தது. இரண்டாவது, ஐந்தாவது துண்டுகளுக்கு ‘படம்’ அட்டையை வைத்திருந்தவர்கள் இரண்டே கோடுகளில் வேறுபாட்டைக் காட்டிவிட்டார்கள். அது இல்லாதவர்கள் ஏழு சொற்களுக்குள் திணறினார்கள். எந்தச் செய்திக்கு எந்த வடிவம் என்பதை நான் சொல்லித்தரத் தேவையே இருக்கவில்லை.

கேள்வி (ஒரு தாய், தங்கச்சிமடம்): பள்ளியில் சீட்டு விளையாட வைக்கிறார்கள் என்று என் மகள் வந்து சொன்னபோது மனத்துக்குச் சங்கடமாக இருந்தது. இது வேறு பழக்கத்துக்கு வழிவகுக்காதா?

உங்கள் சங்கடம் நியாயமானது, அம்மா. ‘சீட்டு’ என்ற சொல்லுக்கு நம் ஊர்களில் என்ன வாடை உண்டென்று எனக்கும் தெரியும். அதனால்தான் இந்த அட்டைகளில் ராஜா, ராணி, ஆர்ட்டின் எதுவும் கிடையாது, பணயமும் கிடையாது. ஆசிரியர்களுக்கு நான் சொல்வது: தொடங்கும் முன் ஒரு கட்டு அட்டைகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிப் பெற்றோரிடம் காட்டச் சொல்லுங்கள். ‘அட்டை விளையாட்டு’ என்றே குறிப்பிடுங்கள்.

கேள்வி (மீன்பிடித் தொழில் செய்யும் ஒரு தந்தை, பாம்பன்): என் மகன் ஆசிரியர் சொல்வதை ஒரு வரி விடாமல் எழுதுகிறான். அதைக் குறைக்கச் சொல்கிறீர்களே, எழுதினால் நல்லதுதானே?

வலைக்குக் கண் எதற்கு இருக்கிறது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கண்ணே இல்லாமல் துணியைக் கடலில் இறக்கினால் அதை இழுக்கவே முடியாது. ஆசிரியர் ஒரு நிமிடத்தில் நூறு சொற்களுக்கு மேல் பேசுகிறார். பிள்ளையின் கை அதில் கால் பங்கை எழுதுவதே கடினம். எல்லாவற்றையும் பிடிக்க முயலும் பிள்ளை கையைத்தான் கவனிக்கிறான், பாடத்தை அல்ல. உங்கள் மகனின் உழைப்பில் குறையில்லை. எதை விடலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி (கல்லூரி மாணவி, இராமநாதபுரம்): கார்னெல் முறை என்று படித்திருக்கிறேன். உங்கள் விளையாட்டுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா? மடிக்கணினியில் குறிப்பெடுப்பது தவறா?

தொடர்பு உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்பவர் 1950களில் வகுத்த முறை அது. தாளின் வலப்புறம் அகலமான பகுதியில் குறிப்பு, இடப்புறம் குறுகலான பகுதியில் அதற்குரிய கேள்விகள், அடியில் சில வரிச் சுருக்கம். இடப்புறப் பகுதிதான் என்னிடம் ‘கேள்வி’ அட்டையாக மாறியிருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கோடு போடச் சொன்னால் கோட்டை அழகாகப் போட்டுவிட்டு இடப்புறத்தைக் காலியாகவே வைத்திருக்கும். அட்டை கையில் இருந்தால் அதை இறக்கியாக வேண்டும். நீங்கள் கல்லூரியில் படிப்பவர் என்பதால் நேரடியாக அந்த முறைக்கே போகலாம்.

மடிக்கணினி பற்றி: 2014இல் பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் என்னும் ஆய்வாளர்கள், தட்டச்சு செய்த மாணவர்கள் சொன்னதைச் சொன்னபடியே பதிவு செய்தார்கள் என்றும், கருத்து சார்ந்த வினாக்களில் கையால் எழுதியவர்களைவிடப் பின்தங்கினார்கள் என்றும் வெளியிட்டார்கள். 2021இல் வேறொரு குழு அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது, சொன்னபடியே பதிவு செய்யும் போக்கு மீண்டும் தெரிந்தது. ஆனால் மதிப்பெண்ணில் கையெழுத்துக்கு அந்த மேன்மை தெளிவாகக் கிடைக்கவில்லை. ஆகவே கருவியைக் குற்றம் சொல்ல நான் தயங்குகிறேன். தட்டச்சு செய்தாலும் ஏழு சொல் வரம்பை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மாலை நேர வகுப்பு நடத்தும் தன்னார்வலர், ஏர்வாடி): என்னிடம் வரும் பிள்ளைகள் சிலர் ஆங்கில வழியில் படிக்கிறார்கள். குறிப்பை எந்த மொழியில் எழுதச் சொல்வது?

பிள்ளைக்கு எந்த மொழியில் சிந்தனை ஓடுகிறதோ அந்த மொழியில். பாடச் சொற்களை மட்டும் ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, அவற்றை இணைக்கும் ‘ஏன்’, ‘எதனால்’ போன்றவற்றைத் தமிழில் எழுதலாம். கலப்பாக இருக்கிறதே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். குறிப்பு என்பது தேர்வுத்தாள் அல்ல, அதை யாரும் திருத்தப் போவதில்லை.

கேள்வி (அதே தன்னார்வலர்): ஒருமுறை விளையாடியது மறுவாரம் நினைவில் இருப்பதில்லையே?

இருக்காது. மறதி எப்படி நடக்கிறது என்று 1885லேயே ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து எழுதியிருக்கிறார்: கற்ற முதல் சில மணி நேரத்தில்தான் இழப்பு மிக வேகம், பிறகு மெல்ல மெல்ல. அவர் மனப்பாடம் செய்தவை பொருளற்ற அசைகள்; நம் பாடம் அவ்வளவு மோசமில்லை என்றாலும் போக்கு அதுவே. ஆகையால் மறுநாள் வகுப்பின் தொடக்கத்தில் ஐந்தே நிமிடம் ஒதுக்கி, ‘கேள்வி’ அட்டைக்கு எழுதியவற்றை மட்டும் விடையை மறைத்துக்கொண்டு ஒருவரையொருவர் கேட்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. திரும்ப வாசிப்பதைவிட, இப்படி நினைவிலிருந்து எடுக்க முயல்வது அதிகம் தங்கும்.

கேள்வி (தொண்டியிலிருந்து ஓர் ஆசிரியர்): கடல் காற்றில் அட்டைகள் ஒரே மாதத்தில் ஊதி வளைந்துவிடுகின்றன. என்ன செய்யலாம்?

கடையில் அட்டை வாங்க வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகைகளில் வழவழப்பான தடித்த தாள் உள்ளவற்றை ஒரே அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். அச்சிட்ட பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒட்டிப் பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். மூடி இறுக்கமான டப்பாவில் வைத்து, வாரம் ஒருமுறை கால்மணி நேரம் வெயில் காட்டினால் ஓராண்டு தாங்கும். அலை அட்டைகளை மட்டும் அதற்கு முன்பே மாற்ற வேண்டியிருக்கும். அவை சற்றே கசங்கினாலும் பிள்ளைகள் பின்புறத்திலேயே அடையாளம் கண்டுகொண்டு, கலைக்கும்போதே கட்டின் அடிக்குத் தள்ளிவிடுகிறார்கள்.