அலங்காரப் பதவியா?

கேள்வி: அமெரிக்கத் தேர்தல் செய்திகளில் 'குபர்னடோரியல்' என்று ஒரு சொல் வருகிறதே, கவர்னர் என்பதிலிருந்து அது எப்படி வந்தது? நம் இலங்கையில் ஆளுநர் அலங்காரப் பதவிதானே?
- வாசகி, ஹட்டன்

பதில்: கவர்னரிலிருந்து அது வரவில்லை. இரண்டுக்கும் மூலம் லத்தீனின் 'குபெர்னாரே'. சுக்கான் பிடித்துக் கப்பலைச் செலுத்துவது என்று பொருள். செலுத்துகிறவர் 'குபெர்னாட்டோர்', நம் பழந்தமிழில் மீகாமன். ரோமர்கள் இதைக் கிரேக்கரிடம் வாங்கினார்கள். பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்தபோது நடுவிலிருந்த 'ப' ஒலி 'வ' ஆகிக் கவர்னர் பிறந்தது. பிற்பாடு நேரே லத்தீனிலிருந்து எடுத்த 'குபர்னடோரியல்' (ஆளுநர் சார்ந்த) என்ற சொல்லில் 'ப' அப்படியே தங்கிவிட்டது.

சரி, அலங்காரம் என்றீர்களே, அதை விட மாட்டேன். மடுல்கலை ரெலுகாஸ் தேயிலைத் தோட்டத்தில் சின்னத்துரைப் பயிற்சியில் இருந்த பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞர் தொழிலாளர் பக்கம் நின்றார். 1937இல் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் துரைமாருக்கு எதிராகவே பேசினார். தேசாதிபதி, அதாவது அன்றைய பிரிட்டிஷ் ஆளுநர், ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். 1931 முதல் மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த அரசாங்க சபை இருந்தும், அமைச்சர்களைக் கேட்காமலே போட்ட உத்தரவு அது. சபை தேசாதிபதியைக் கண்டித்தது. உயர் நீதிமன்றம் பிரேஸ்கேர்டிலை விடுவித்தது. தடுக்க ஒரு சபையும் நீதிமன்றமும் தேவைப்பட்ட அதிகாரத்தை அலங்காரம் என்று எப்படிச் சொல்வது?

இன்றைய ஆளுநரை ஜனாதிபதி நியமிக்கிறார். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி, மாகாண சபை இருக்கும்போது பெரும்பாலான விடயங்களில் மாகாண அமைச்சர் சபையின் ஆலோசனைப்படிதான் அவர் நடக்க வேண்டும். ஆனால் உங்கள் மத்திய மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்துவிட்டது. 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள். அதற்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் நிராகரித்தது. அதோடு தேர்தல் நின்றுபோனது. முதலமைச்சர் இல்லை, உறுப்பினர் இல்லை, மாகாண நிர்வாகம் முழுவதும் ஆளுநர் கையில். தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாணத்தின் கீழ்தான் வருகின்றன. ஆசிரியர் போதவில்லை என்று கேட்கப் போகும் தாய், தான் வாக்களிக்காத ஒருவரிடம்தான் மனு கொடுக்க வேண்டியிருக்கிறது. இதை நான் எத்தனை முறை எழுதினாலும் அலுக்கப் போவதில்லை.

பழைய முறையிலேயே தேர்தல் நடத்த நாடாளுமன்றம் ஒரு சட்டத் திருத்தம் நிறைவேற்றினால் போதும். அதை எப்போது கொண்டு வருவீர்கள் என்று உங்கள் நுவரெலியா மாவட்ட எம்.பி.க்களுக்கு எழுதிக் கேளுங்கள். வரும் பதிலை எனக்கு அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.