ஆளே இல்லாமல் அலாரம்: சென்சிட்டிவிட்டியைத் தொடாதீர்கள்

கேள்வி: மில் வாசலில் வைஃபை ஐபி கேமரா வைத்து, ஓபன்சிவி என்ற பட ஆய்வு மென்பொருள் தொகுப்பின் எம்ஓஜி2 (பின்னணியைக் கற்று, அதிலிருந்து மாறுவதைக் காட்டும் முறை) மூலம் அசைவைக் கண்டறிகிறேன். ராத்திரியில் யாரும் இல்லாமலே அலாரம் அடிக்கிறது. படமும் அடிக்கடி சாம்பல் பூசினதுபோல் இழுபடுகிறது. சென்சிட்டிவிட்டியைக் குறைக்கட்டுமா?

பதில்: வேண்டாம். முதலில் படம் இழுபடுவதைச் சரிசெய்யுங்கள். எச்.264 முறையில் சுருக்கிய வீடியோவில் ஐ-ஃபிரேம் எனப்படுவது மட்டும்தான் முழுப்படம். இடையில் வருபவை என்ன மாறியது என்பதை மட்டுமே சுமந்துவரும். வழியில் ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) தொலைந்தால், வீடியோவை விரித்துக் காட்டும் டிகோடர் அந்த இடத்தைப் பழைய படத்தால் ஒட்டுப்போட்டு நிரப்பும். அடுத்த ஐ-ஃபிரேம் வரும்வரை அந்தப் பிழை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தொற்றிக்கொண்டே போகும். எம்ஓஜி2-வுக்கு அந்தத் திட்டும் ஒரு அசைவுதான்.

விநாடிக்கு 25 ஃபிரேம் (25 எஃப்பிஎஸ்) ஓடினால், கேமரா அமைப்பில் ஐ-ஃபிரேம் இடைவெளியை 25 ஃபிரேம் ஆக்குங்கள். கெட்ட படம் ஒரு விநாடிக்குள் தெளிந்துவிடும். 'ஸ்மார்ட்' கோடெக் (வீடியோவைக் கூடுதலாகச் சுருக்கும் வசதி) இருந்தால் அணைத்துவிடுங்கள், இடம் மிச்சம்பிடிக்க இந்த இடைவெளியை அதுவே நீட்டிவிடும். ஆர்டிஎஸ்பியை (கேமராவின் நேரலை வீடியோ இணைப்பை), தொலைந்ததை மறுபடி அனுப்பாத யுடிபி முறைக்குப் பதில் டிசிபி முறையில் எடுத்தால் தொலைந்த பாக்கெட் மறுபடி வரும், சற்றுத் தாமதத்தோடு. சிக்னல் ரொம்ப மோசமென்றால் டிசிபியும் தேங்கி நின்றுவிடும். அங்கே கேபிள்தான் வழி.

இனி ராத்திரி. கேமராவின் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு எரியும்போது மொத்தப் படமும் மாறும். மாறிய பிக்சல் 60 சதவீதத்தைத் தாண்டினால் அலாரத்தை நிறுத்திவைத்து, வெளிச்சம் நிலைத்ததும் ஒரே ஒரு ஃபிரேமுக்கு எம்ஓஜி2-வின் லேர்னிங் ரேட்டை (பின்னணியைக் கற்கும் வேகத்தை) 1 என்று கொடுங்கள். பின்னணி புதிதாகத் தொடங்கும். சில விநாடிகளாகியும் நிலைக்காவிட்டாலோ, படம் மொத்தமாக இருண்டே கிடந்தாலோ யாரோ லென்ஸை மறைத்திருக்கலாம். அதற்குத் தனி எச்சரிக்கை வையுங்கள்.

இருட்டில் வரும் புள்ளி இரைச்சலுக்கு படத்தை லேசாக மங்கலாக்கும் 5×5 காஸியன் பிளர், வேரியன்ஸ் த்ரெஷோல்டை (எவ்வளவு மாறினால் அசைவு என்ற வரம்பை) 16-லிருந்து 30 வாக்கில் ஏற்றுவது, இரண்டும் போதும். எம்ஓஜி2 தரும் மாஸ்க்கில் (அசைவைக் குறிக்கும் கருப்பு-வெள்ளைப் படத்தில்) நிழல் 127 என்று வரும்; 200-க்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். கடைசி 10 ஃபிரேமில் 6-லாவது அசைவு இருந்தால் மட்டும் அலாரம்.

பலர் கவனிக்காத ஒன்று: எம்ஓஜி2-வின் ஹிஸ்டரி (பின்னணியைக் கற்கக் கணக்கில் எடுக்கும் ஃபிரேம் எண்ணிக்கை) 500 என்ற இயல்பு மதிப்பில் இருந்தால், அசையாமல் நிற்கும் ஆள் ஏறக்குறைய 50 ஃபிரேமில், அதாவது 2 விநாடியில், பின்னணியோடு கரைந்துவிடுவார். பூட்டருகே நிற்கும் திருடனும் அப்படித்தான். 3000 ஆக்கினால் சுமார் 12 விநாடி பிடித்துவைக்கும்.

இவ்வளவும் செய்தும் அடித்தால் லென்ஸைப் பாருங்கள். ஐஆர் வெளிச்சத்துக்கு வரும் பூச்சியும் சிலந்தி வலையும் திரையில் பெரிதாகத் தெரியும். கேமராவின் ஐஆரை அணைத்து, சில அடி தள்ளித் தனி ஐஆர் விளக்கு மாட்டுங்கள்.