கேள்வி பதில்: மண்கோட்டையும் பீரங்கியும்

போன இதழில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதியதற்கு வந்த கேள்விகள் இவை. திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் பழைய சண்டையைச் சும்மா விடமாட்டார்கள் போலிருக்கிறது.

கே: அண்ணாச்சி, எட்டப்பன் காட்டிக்கொடுக்காவிட்டால் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தே இருக்காது என்று எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைகூடச் சொல்லும். உண்மையா?
(வாசகர், கோவில்பட்டி)

ப: பாதிகூட இல்லை தம்பி. எட்டப்பனின் எட்டயபுரத்து ஆட்கள் கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) படையோடு சேர்ந்து நின்றார்கள், தப்பி ஓடியவர்களைத் துரத்தவும் செய்தார்கள், அதெல்லாம் சரி. ஆனால் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். கோட்டை விழுந்த கதையோ வேறு. அதில் துரோகத்தைவிடப் பீரங்கிக்குத்தான் பங்கு அதிகம்.

1799 செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மேன் கோட்டை முன்னால் வந்து நின்றபோது அவரிடம் சுவரை இடிக்கிற அளவுக்குப் பெரிய பீரங்கி இல்லை. இருந்தாலும் மண்ணால் கட்டிய கோட்டைதானே, வாசலை உடைத்து உள்ளே போய்விடலாம் என்று பாய்ந்து, அதிகாரிகளைப் பறிகொடுத்துப் பின்வாங்கினார். பெரிய பீரங்கிகள் வரட்டும் என்று காத்திருந்த இடைவெளியில், ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டபொம்மன் வெளியேறிவிட்டார்.

மண்தானே என்று நினைத்ததுதான் கோளாறு. கல்சுவரில் குண்டு பட்டால் விரிசல் ஓடும், நாலு கல் கழன்றால் மேலே இருப்பதும் சேர்ந்து சரியும். மண்சுவர் அப்படியே குண்டை விழுங்கிக்கொள்ளும். ஓட்டை விழும், சுவர் நிற்கும், இருட்டினதும் உள்ளே இருப்பவர்கள் மண்ணைக் குழைத்து அடைத்துவிடலாம். சின்னப் பீரங்கியை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

இது கும்பினிக்குப் புதுசும் இல்லை. 1755-ல் கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவலில் பாளையக்காரர் பூலித்தேவரிடம் கப்பம் கேட்டுப் போனபோதும் கையில் பெரிய பீரங்கி இல்லை. அது தெரிந்துதான் பூலித்தேவர் ஒரு காசுகூடக் கொடுக்கவில்லை, வந்தவர் திரும்பிப் போனார். நாற்பத்து நாலு வருஷம் கழித்துப் பானர்மேனுக்கும் அதே பாடு. சரி, அவர் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டாரே என்று பார்த்தால், அதே இடத்தில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை எழுப்பிய புதுக் கோட்டையில் 1801 மார்ச் 31 அன்று மேஜர் மெக்காலே மறுபடியும் போய் மோதினார். இந்தத் தடவை சுவரில் பிளவு விழுந்தது, சிப்பாய்கள் ஏறவும் ஏறினார்கள். ஆனால் உச்சிக்குப் போன ஒருவரும் உள்ளே இறங்கவில்லை. ஏன் என்று கோட்டை விழுந்தபிறகுதான் அவர்களுக்கே புரிந்தது: கொத்தளத்தின் உட்புறம் குழிபோல இருந்திருக்கிறது, அதற்குள் நின்றவர்கள் மேலே தலை தெரிந்தவனை எல்லாம் நீள வல்லயத்தால், அதாவது ஈட்டியால், கீழிருந்தே குத்தியிருக்கிறார்கள். அவர்கள் மேல் துப்பாக்கிக்குண்டு படவே வழியில்லை! என்னைக் கேட்டால், அந்தக் கோட்டையைக் கட்டியவர்களுக்கு வாசலில் ஒரு கல்வெட்டு வைக்கலாம்.

கடைசியில் கர்னல் அக்னியூ கூடுதல் படையும் பெரிய பீரங்கிகளும் கொண்டுவந்து, சுவரை நன்றாக இடித்துவிட்டுத்தான் மே 24 அன்று உள்ளே நுழைந்தார். இதில் எட்டப்பன் காட்டிக்கொடுக்க என்ன ரகசியம் இருந்தது, சொல்லுங்கள்.

கே: ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பியதும் அந்தக் கோட்டையையே பிடித்திருந்தால்?
(கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை)

ப: நல்ல கேள்வி அம்மா. 1801 பிப்ரவரி 2 ராத்திரி அவர்கள் தப்பியபோது மெக்காலேயின் படை ஊரில் இல்லை, சங்கரன்கோவில் பக்கம் இருந்தது. பாளையங்கோட்டையில் காவல் கொஞ்சம்தான். அதிகாரிகள் சாப்பாட்டு மேசையில். அன்று திரும்பி அடித்திருந்தால் ஆயுதக் கிடங்கும் பீரங்கியும் கையில் கிடைத்திருக்கும் என்பது என் கணிப்பு. அவர்கள் நேரே சொந்த மண்ணுக்கு ஓடி, ஒரு வாரத்துக்குள் கோட்டையை எழுப்பினார்கள். 9-ஆம் தேதி வந்து பார்த்த மெக்காலே மோதாமல் திரும்பிவிட்டார் என்றால் வேலை எவ்வளவு கெட்டியாக இருந்திருக்கும்! ஆனால் எவ்வளவு நல்ல கோட்டையானாலும், அதற்குள் போய் உட்கார்ந்துவிட்டால் எதிரிக்குத் தேவையான அவகாசத்தை நாமே கொடுத்ததாக ஆகிவிடுகிறது. பெரிய பீரங்கி மெதுவாகத்தான் வரும், ஆனால் வந்துவிடும்.

இன்னொன்றும் சொல்கிறேன், கேட்காவிட்டாலும். மே 24 அன்று குண்டடிபட்டுக் கிடந்த ஊமைத்துரையைக் காப்பாற்றியது ஒரு தாய். பிணங்களுக்கு நடுவே தன் மகனைத் தேடிப் போனவள். சாகக் கிடந்த மகன் ‘என்னை விடு, சாமியைத் தூக்கிக்கொண்டு போ’ என்றானாம். சாமி என்றது ஊமைத்துரையை. வீட்டில் கொண்டுபோய்க் கிடத்தியிருந்தபோது எட்டயபுரத்து ஆட்கள் தேடி வர, பெண்கள் அவர்மேல் வெள்ளைத்துணியைப் போர்த்தி, பெரியம்மை கண்டு செத்துப்போனான் என்று ஒப்பாரி வைத்திருக்கிறார்கள். வந்தவர்கள் ஓட்டம் பிடித்தார்கள். இதை எழுதிவைத்தது எதிர்ப்படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி.

கே: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். கதை வேண்டாம், தேதி மட்டும் சொல்லுங்கள்.
(வாசகர், தென்காசி)

ப: எழுதிக்கொள்ளுங்கள். கட்டபொம்மன் தூக்கு, கயத்தாறு: 16.10.1799. மருது சகோதரர்கள், திருப்பத்தூர்: 24.10.1801. ஊமைத்துரை, பாஞ்சாலங்குறிச்சி: 16.11.1801. திருப்பத்தூர் என்றால் சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூர், வேலூர்ப் பக்கம் இருப்பது இல்லை. அதில்தான் மார்க்கைப் பறிப்பார்கள்.

கே: ஐரோப்பியரை முதலில் தோற்கடித்த ஆசிய மன்னர் திருவிதாங்கூர் மார்த்தாண்டவர்மா என்கிறார்களே, சரியா?
(வாசகர், வள்ளியூர்)

ப: டச்சுக்காரர்களோடு நடந்த 1741 குளச்சல் சண்டை பெரிய வெற்றி, சந்தேகமே வேண்டாம். ‘முதல்’ என்பதைத்தான் விட்டுவிட வேண்டும். டச்சுக்காரர்களையே 1662-ல் தைவானின் ஸீலாண்டியா கோட்டையிலிருந்து சீனத் தளபதி கோக்சிங்கா விரட்டியிருக்கிறார். மார்த்தாண்டவர்மாவின் கெட்டிக்காரத்தனம் சண்டைக்குப் பிறகுதான் தெரிகிறது. பிடிபட்ட டச்சு அதிகாரி டி லனாயைக் கொல்லாமல், தன் படைக்கே பயிற்சி கொடுக்க வைத்து, அரண்கள் கட்டவும் வைத்தார்.

உங்கள் ஊருக்குப் பக்கத்து ஆரல்வாய்மொழிக் கணவாயில், மலைக்கும் மலைக்கும் நடுவே போட்ட அரணும் திருவிதாங்கூரின் பலமான வாசலாக இருந்தது. கும்பினியை எதிர்த்த திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி காலத்தில், 1809 பிப்ரவரி 10 அன்று அது விழுந்தது. தாக்கிய கும்பினிப் பிரிவை நடத்தியவர் யார் தெரியுமா? பாஞ்சாலங்குறிச்சியில் இருந்த அதே வெல்ஷ், இப்போது மேஜர். இந்தத் தடவை அவர் சுவருக்கு நேரே போகவில்லை. இருட்டில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பக்கத்து மலையில் ஏறினார், விடிகிற நேரத்துக்கு அரணுக்கு மேலே நின்றார்.