காந்தத்தில் ஒட்டுவதெல்லாம் காந்த பாக்டீரியாவா?

குளத்துச் சேற்றைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, வெளிப்பக்கம் காந்தம் வைத்தாராம் ஒரு வாசகர். கறுப்பாக ஏதோ வந்து ஒட்டியது, அது காந்த பாக்டீரியாதானா, அதாவது காந்தப் புலத்தின் திசையில் நீந்தும் நுண்ணுயிரா என்று கேட்கிறார்.

அநேகமாக இல்லை. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் சேற்றிலுள்ள இரும்புத் தாது மணல். அது காந்தத்தின் எந்த முனையைக் காட்டினாலும் ஓடி வரும். பாக்டீரியா அப்படியில்லை. அதைக் காந்தம் இழுப்பதில்லை, திசையைத்தான் திருப்பிவிடுகிறது. நீந்துவது அதன் சொந்த பலத்தில். எனவே ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, பக்கத்தில் காந்தத்தைப் பிடியுங்கள். சொட்டின் ஒரு விளிம்பில் சின்னப் புள்ளிகள் கூடும். அப்புறம் காந்தத்தின் முனையை மாற்றுங்கள். உயிருள்ளவை அப்படியே திரும்பி எதிர் விளிம்புக்கு நீந்தும். செத்த செல்கூடத் திரும்பும், ஆனால் நகராது. அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரிச்சர்ட் பிளேக்மோர் 1975-ல் இவற்றைப் பற்றி எழுதியபோது அவர் கண்டதும் இந்த நீச்சலைத்தான்.

அந்தத் திருப்பத்துக்குக் காரணம் செல்லுக்குள் இருக்கும் மேக்னட்டைட் என்ற காந்தத்தன்மையுள்ள இரும்பு ஆக்சைடின் படிகங்கள். செல்லின் உள்சவ்வு உட்பக்கமாக மடிந்து குட்டிப் பையாகிறது. இரும்பு அயனிகள் அதற்குள் செலுத்தப்பட, அங்கேயே படிகம் வளர்கிறது. எவ்வளவு பெரிதாக வளரலாம் என்பதைப் புரதங்கள் கட்டுப்படுத்துகின்றன. பொதுவாக 35 முதல் 120 நானோமீட்டர். அதைவிடச் சிறிதானால் வெப்ப அசைவில் காந்தத்தன்மை நிலைக்காது. ரொம்பப் பெரிதானால் படிகத்துக்குள்ளேயே காந்தப் பகுதிகள் பிரிந்து வலு குறையும். இந்த அளவுக் கச்சிதம்தான் என்னை இன்றும் அசர வைக்கிறது. ஒற்றைப் படிகத்தால் செல்லைத் திருப்ப முடியாது. அதனால் மாம்-கே என்ற புரத இழையை ஒட்டிப் படிகங்கள் சங்கிலியாக அணிவகுக்கின்றன.

இனி உங்கள் ஜாடிக்கு வருவோம். இந்தப் படிகம் வளர ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்க வேண்டும். காற்று தாராளமாகக் கிடைத்தால் உற்பத்தியே நின்றுவிடும். அதனால் ஜாடியைக் குலுக்காதீர்கள், காற்றுக் குமிழியும் விடாதீர்கள். சேற்றுக்கு மேல் தண்ணீர் நிற்கும்படி வைத்து, மூடியைத் தளர்வாகப் போட்டு, இருட்டில் சில வாரங்கள் விட்டுவிடுங்கள்.

அப்புறம் சேற்றுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே, ஜாடியின் வெளிப்பக்கம் காந்தத்தின் தென்முனையை அரை மணி நேரம் வையுங்கள். பூமியின் வடகோளத்தில் பெரும்பாலானவை அதை நோக்கித்தான் வரும். தென்கோளத்தில் வடமுனையை வையுங்கள். அந்த இடத்தில் பைப்பெட்டால் மெதுவாக உறிஞ்சி, எடுத்த சொட்டை உடனே பாருங்கள்.