பைபாஸுக்கு முன்னாடி "இதயத்த சுத்தி கொழுப்பு"ன்னு ரிப்போர்ட் வந்தா

கேள்வி: அப்பாவுக்கு 63 வயசு, சுகர் இருக்கு, அடுத்த மாசம் பைபாஸ். சிடி ஸ்கேன்ல இதயத்த சுத்தி கொழுப்பு அதிகம்னு போட்டிருக்காங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் ஹார்ட்பீட் தாறுமாறா போகும்னு கேள்விப்பட்டேன். அந்தக் கொழுப்ப அப்பவே எடுத்துட முடியாதா?

பதில்: எடுக்க மாட்டாங்கம்மா. அது ரத்தக்குழாய்க்குள்ள அடைக்கிற கொழுப்பு இல்ல, இதயத்து மேல மஞ்சளா படிஞ்சிருக்கிறது, எல்லாருக்குமே இருக்கும். இதயத்தோட சொந்த ரத்தக்குழாய்களும் நரம்பு முடிச்சுகளும் அதுக்குள்ளதான் ஓடுது, அதனால ஒட்டுப் போடற இடத்துல மட்டும் சர்ஜன் விலக்கிட்டு வேலைய முடிப்பாரு.

ஆனா ரிப்போர்ட்ட ஒதுக்கவும் கூடாது. இந்தக் கொழுப்புக்கும் இதயத் தசைக்கும் நடுவுல தடுப்புச் சவ்வு எதுவும் கிடையாது, அது சுரக்கிற அழற்சிப் பொருள்லாம் நேரா இதயத்தோட மேலறைத் தசைக்குள்ள இறங்கும், நாளாக நாளாக தசை இழைக்கு நடுவுல கொழுப்பும் தழும்பும் புகுந்து இதயத்த துடிக்க வைக்கிற கரன்ட் ஒரே சீரா ஓடாம அங்கங்க தடங்கி சுத்தி வரும். அதுக்கு மேல ஆபரேஷன் அழற்சியும் சேர்றப்போ மேலறை துடிக்காம நடுங்க ஆரம்பிக்கும், இதத்தான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு சொல்றோம். பைபாஸ் பண்ணவங்கள்ல சுமார் 10 பேர்ல 3 பேருக்கு வருது, பெரும்பாலும் 2லேர்ந்து 4ஆம் நாளுக்குள்ள, அப்ப மானிட்டர்லயே இருப்பாரு. கொழுப்பு அதிகம்னா வாய்ப்பு கூடும், அவ்வளவுதான், கட்டாயம் வரும்னு இல்ல. வயசும் பெரிய காரணம்.

ஒரு மாசத்துல அத கரைக்கணும்னு அப்பாவ பட்டினி போட்டுடாதீங்க, புண்ணு ஆற உடம்புல தெம்பு வேணும். சுகர், பிபி கட்டுப்பாட்டுல இருக்கட்டும். மெட்டோப்ரோலால் மாதிரி பீட்டா பிளாக்கர், அதாவது துடிப்ப நிதானமாக்குற மாத்திரை சாப்பிடறாருன்னா டாக்டர் சொல்லாம ஒரு வேளை கூட நிறுத்தாதீங்க, திடீர்னு நிறுத்தினா படபடப்பு கிளம்பும். ராத்திரி குறட்டையோட மூச்சு நின்னு நின்னு வருதுன்னா அதையும் சொல்லிடுங்க.

சர்ஜன்கிட்ட ஒண்ணு கேக்கலாம். இதயத்தோட உறைல பின்பக்கம் சின்னதா ஒரு திறப்பு போட்டா தேங்கற ரத்தமும் நீரும் இடது நெஞ்சுக்குள்ள வடிஞ்சிடும். நியூயார்க்ல 420 பேர வெச்சு பண்ணி 2021ல வெளிவந்த ஆய்வுல, திறப்பு போட்டவங்கள்ல 17 சதவீதம் பேருக்கும் போடாதவங்கள்ல 32 சதவீதம் பேருக்கும் இந்த மேலறை நடுக்கம் வந்துச்சு. அப்பாவுக்கு ஒத்து வருமான்னு அவர்தான் சொல்லணும்.

நடுக்கம் வந்துட்டா ரத்தத்துல பொட்டாசியம், மெக்னீசியம் பாத்து சரி பண்ணுவாங்க, துடிப்ப சீராக்குற அமியோடரோன் மருந்து குடுப்பாங்க, சில பேருக்கு ஷாக் தேவைப்படும். நிறைய பேருக்கு 4-6 வாரத்துல துடிப்பு சீராயிடும். நடுங்கற மேலறைல ரத்தம் கட்டி மூளைக்குப் போயிடக் கூடாதுன்னு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை குடுத்தா, எந்தத் தேதி வரைக்கும்னு டிஸ்சார்ஜ் சீட்டுலயே எழுதி வாங்கிக்கோங்க, துடிப்பு சரியாயிடுச்சேன்னு நீங்களா நிறுத்தாதீங்க.

வீட்டுக்கு வந்ததும் தினம் காலைல உக்கார வெச்சு, கட்டைவிரலுக்குக் கீழ மணிக்கட்டுல உங்க நடு ரெண்டு விரல வெச்சு ஒரு முழு நிமிஷம் எண்ணுங்க. தட்டு தட்டுன்னு ஒரே இடைவெளில வராம ஒண்ணு சீக்கிரம் ஒண்ணு லேட்டுன்னு வந்தா, இல்ல சும்மா இருக்கும்போதே 110க்கு மேல போனா, அன்னைக்கே இசிஜி எடுத்துடுங்க. வாய் கோணுறது, பேச்சு குழறுறது, மயக்கம், மூச்சுத்திணறல் இதுல எது வந்தாலும் உடனே 108.